சிக்கிள் செல் நோய்க்கு மருந்து தேட எந்தப் புரதத்தை எடுப்பது?

கோத்தகிரி_நிலா:

அனைவருக்கும் வணக்கம். ஊட்டியில் எம்.ஃபார்ம் படிக்கிறேன், பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி. ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு புரதத்தை எடுத்து, அதற்குப் பொருந்துகிற மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் டாக்கிங் போட்டுப் பார்த்து, தேறுகிற சிலவற்றை லேபில் தயாரிக்க வேண்டும்.

எந்தப் புரதம் என்று கேட்டால் சீனியர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "பி.டி.பி.ங்கிற புரத ஸ்ட்ரக்சர் தொகுப்புல நல்ல ரெசல்யூஷன்ல ஸ்ட்ரக்சர் இருக்கா, உள்ள ஏற்கெனவே ஒரு மூலக்கூறு உட்கார்ந்திருக்கா, பார்த்து எடு. நேரத்துக்கு முடிச்சிடலாம்." அதனால்தான் ஒவ்வொரு பேட்ச்சிலும் காக்ஸ்-2, ஈ.ஜி.எஃப்.ஆர். என்று அதே நாலு பெயர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

போன மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடியினரின் பாடி (குடியிருப்பு) ஒன்றில் சிக்கிள் செல் பரிசோதனை முகாமுக்கு உதவிக்குப் போயிருந்தேன். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோய் அது. எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு முழங்காலையும் கையால் இறுக்கிப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பெயர் பதிய எழுந்து வரச் சொன்னோம், எழ முடியவில்லை. நாங்கள்தான் நோட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனோம். நம் மாவட்டத்திலேயே இருக்கிற இந்த நோயில்தான் என் வேலை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த நோயில் பழுதாகி இருக்கிற புரதம் ஹீமோகுளோபின், அதை வைத்து டாக்கிங் போட்டேன். மைனஸ் 9, மைனஸ் 10 என்று ஸ்கோர் நன்றாகவே வருகிறது (மைனஸில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்ல பிடிப்பு). ஆனால் கைடு, "ஸ்கோர் இருக்கட்டும்மா, இது நல்ல டார்கெட்னு எதை வச்சுச் சொல்ற?" என்று கேட்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு புரதம் நல்ல டார்கெட்டா, அதாவது மருந்து பிடிக்க ஏற்ற இலக்கா, இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைரயில்:

நிலா, நான் கோவையில் புரத ஸ்ட்ரக்சரில் பி.எச்.டி. செய்கிறேன். உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. மாத்திரையாகப் போடக்கூடிய சின்ன மூலக்கூறு ஒரு புரதத்தில் நிலைத்து உட்கார வேண்டுமென்றால், அந்தப் புரதத்தில் ஓரளவு ஆழமான, நீர் விலக்கும் சுவர்கள் உள்ள ஒரு பள்ளம் வேண்டும். தட்டையான மேற்பரப்பில் உட்கார வைப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் ஸ்ட்ரக்சரில் பள்ளம் தெரியவில்லை என்பதற்காகக் கைவிடவும் கூடாது. புற்றுநோயில் வரும் கே-ராஸ் புரதத்தை முப்பது வருடத்துக்கு மேல் "மருந்துக்கு மசியாதது" என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். செல்லில் இயல்பாகவே இருக்கிற ஜி.டி.பி. என்ற சின்ன மூலக்கூறை அது பிடிக்கிற பிடி பிக்கோமோலார் அளவில், அதாவது மிக மிக இறுக்கம். செல்லுக்குள் ஜி.டி.பி.யும் ஏராளம். அதோடு போட்டி போட்டு எந்த மருந்தும் உள்ளே நுழைய முடியாது. 2013இல் கெவன் ஷோகட் குழு வேறு வழி பிடித்தது. 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் வந்துவிட்ட கே-ராஸில், அந்த சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணையும் மூலக்கூறைக் கொடுத்தபோது பக்கத்தில் ஒரு பள்ளம் திறந்தது. மூலக்கூறு உட்காராத பழைய ஸ்ட்ரக்சர்களில் அது தெரியாது. 2021இல் சோட்டோராசிப் சந்தைக்கே வந்துவிட்டது.

டாக்கிங் ஸ்கோர் பற்றி ஒன்று. பெரிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறு எதைப் போட்டாலும் ஸ்கோர் நன்றாகத்தான் வரும். முதலில் ஸ்ட்ரக்சருக்குள் இருக்கிற மூலக்கூறையே வெளியே எடுத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள், பழைய இடத்துக்கே போகிறதா என்று. அப்புறம் நிச்சயம் வேலை செய்யாதவை என்று தெரிந்த சில மூலக்கூறுகளையும் சேர்த்து ஓட்டுங்கள். அவற்றுக்கும் மைனஸ் 9 வந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.


குன்னூர்_மூர்த்தி:

நிலா, பெங்களூரில் மருந்து ஆராய்ச்சியில் ரொம்ப காலம் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். உங்கள் கைடு கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலே கோடிகள் கொட்டப்பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மலைரயில் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதெல்லாம் இரண்டாவது கேள்வி. புரதத்தை மருந்து பிடிக்குமா என்பதற்கு முன்னால், பிடித்தால் நோய் மாறுமா என்று கேட்க வேண்டும். அதற்குச் சாட்சி மனிதர்களிடம் இருந்து வர வேண்டும். எலிக்குக் குணமானது கணக்கில் பாதிக்குப் பாதிகூடச் சேராது.

இரண்டு புரதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கொலஸ்ட்ரால் சம்பந்தப்பட்டவை. முதலாவது சி.ஈ.டி.பி. கொழுப்பு நுழைந்து போகிற நீளமான சுரங்கமே அதற்குள் இருக்கிறது, மருந்து உட்காரக் கேட்கவே வேண்டாம். டார்செட்ராபிப் என்ற மருந்து அதைப் பிடித்தது, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எச்.டி.எல். எகிறியது. 2006 டிசம்பரில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் தனிக் கோளாறு ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கோளாறு இல்லாத டால்செட்ராபிப் 2012இலும், எவாசெட்ராபிப் 2015இலும் பலனில்லை என்று நின்றன. எச்.டி.எல். ஏறினால் மாரடைப்பு குறையும் என்ற நம்பிக்கைதான் அடித்தளம். அது ஆட்டம் கண்டுவிட்டது.

இரண்டாவது பி.சி.எஸ்.கே.9. 2003இல் பிரான்ஸில், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் கூடிய குடும்பங்களில் இந்த மரபணு கண்ணில் பட்டது. அவர்களிடம் புரதம் தேவைக்கு மேல் வேலை செய்தது. அப்புறம் டெக்சாஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் இருவரும் தலைகீழாகத் தேடினார்கள். இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று வேலை செய்யாமல் பிறந்தவர்களுக்கு கெட்ட கொலஸ்ட்ரால் குறைவு. 2006இல் வந்த ஆய்வில், அப்படிப் பிறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. மருந்து செய்யப்போகிற வேலையை இயற்கை பிறப்பிலேயே செய்து, ஆயுள் முழுக்கப் பார்த்து, ரிசல்ட்டையும் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்தப் புரதத்தில் மாத்திரைக்கு ஏற்ற பள்ளம் கிடையாது, தட்டை. அதனால் ஊசியில் போடும் ஆன்டிபாடியாக வந்தார்கள், 2015இல் அனுமதி கிடைத்தது.

பள்ளம் இருந்தும் சாட்சி இல்லாதது தோற்றது. சாட்சி இருந்து பள்ளம் இல்லாதது ஜெயித்தது. 2024இல் வந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றின்படி, மரபணுச் சாட்சி உள்ள டார்கெட்டுகள் சோதனைகளைத் தாண்டி மருந்தாகிற வாய்ப்பு மற்றவற்றைப் போல 2.6 மடங்கு.

இப்போது உங்கள் ஹீமோகுளோபினுக்கு வருகிறேன். சாட்சி என்று பார்த்தால் இதற்கு மேல் கேட்கவே முடியாது. 1949இல் பாலிங் குழு இதைத்தான் முதல் "மூலக்கூறு நோய்" என்று அறிவித்தது. அடுத்த சில வருடங்களில் இங்கிராம், பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்திருப்பதைக் காட்டினார். நம் நீலகிரிக்கும் இதில் ஒரு இடம் உண்டு: இந்தியாவில் சிக்கிள் செல் இருக்கிறது என்று லேமனும் கட்புஷும் 1952இல் வெளியிட்டது இந்த மலைப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பார்த்துத்தான்.

காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும் ஏன் மருந்து வர இவ்வளவு காலம்? ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். நோயாளிக்கு ரத்தம் 5 லிட்டர், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராம் என்று வைப்போம். மொத்தம் 400 கிராம். மூலக்கூறு எடை ஏறக்குறைய 64,500. ஆக 6 மில்லிமோல் ஹீமோகுளோபின் உடம்பில் ஓடுகிறது. ஹீமோகுளோபினைப் பிடிக்கிற வாக்ஸலோட்டார் என்ற மருந்தின் மூலக்கூறு எடை 337. ஒன்றுக்கு ஒன்று உட்கார 2 கிராம் மருந்து வேண்டும். மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் போதும் என்றாலும் 700 மில்லிகிராம் எந்நேரமும் ரத்தத்திலேயே இருந்தாக வேண்டும். அதனால்தான் அதன் தினசரி டோஸ் 1500 மில்லிகிராம். கொலஸ்ட்ராலுக்குப் போடும் ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு புரதம் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை டாக்கிங் ஸ்கோர் சொல்லாது.

வாக்ஸலோட்டாருக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், ஹீமோகுளோபின் அளவு ஏறியதை வைத்து. வலி வரும் கிரைசிஸ் உறுதியாகக் குறையவில்லை. 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மொத்தத் தரவையும் பார்த்தபோது கிரைசிஸ், இறப்பு இரண்டிலும் கணக்கு மருந்துக்குச் சாதகமாக இல்லை. நாம் அளந்தது ஒன்று, நோயாளி படுகிற வலி வேறொன்று.


தேவர்சோலை_லேப்:

மூர்த்தி சார் எழுதினதைப் பொறுமையா ரெண்டு தடவை படிச்சேன். நான் கூடலூர்ப் பக்கம் லேப் டெக்னீசியன். புரதம், டாக்கிங் எல்லாம் எனக்குத் தெரியாது, தினமும் கையில நடக்கிறதைச் சொல்றேன், உபயோகப்பட்டா எடுத்துக்கோங்க.

முகாம்ல நாங்க முதல்ல போடுறது சால்யுபிலிட்டி டெஸ்ட். சின்ன டியூப்ல 2 மில்லி கரைசல், அதுல 20 மைக்ரோலிட்டர் ரத்தம். கரைசல்ல இருக்கிற சப்போனின் செல்லை உடைச்சிடும், டைதயோனைட் ஆக்சிஜனை உறிஞ்சிடும். அஞ்சு நிமிஷம் கழிச்சு டியூபுக்குப் பின்னாடி கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிப்போம். கோடு தெளிவா தெரிஞ்சா சாதாரண ரத்தம். கலங்கிப் போய் கோடே தெரியலைன்னா சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கு. ஒரு பிரதி மட்டும் உள்ள ட்ரெய்ட்டுக்கும் கலங்கும், நோய் உள்ளவங்களுக்கும் கலங்கும், அதனால அடுத்து ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சு அளக்கிற எச்.பி.எல்.சி. டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.

ஆறு மாசம் ஆகாத குழந்தைக்கு இந்த டெஸ்ட்டை நம்பக் கூடாது. நோய் இருந்தாலும் கலங்காது. பிறந்தப்ப இருக்கிற ஹீமோகுளோபின் வேறங்கிறதால.

நிலாம்மாகிட்ட ஒரு வேண்டுகோள். எந்த டார்கெட் எடுத்தாலும், கடைசியில அது மாத்திரையா வருமான்னு பாருங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கணும், மாசாமாசம் டிரிப் ஏத்தணும்னா பாடியில இருந்து ஜீப் பிடிச்சு வரணும், கூட வர்றவங்களுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. இப்ப ஹைட்ராக்ஸியூரியா கேப்சூல் ஒழுங்கா சாப்பிடுறவங்களுக்கு வலி நல்லாவே குறையுது. ரத்த அணுக்களை மட்டும் அப்பப்ப எண்ணிப் பார்த்துக்கணும்.


நடுவட்டம்_சிங்கோனா:

இடையில் ஒரு தகவல். டார்கெட் என்றால் புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கோனா வளர்த்து குயினைன் காய்ச்சினார்கள். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சுகிற ஹீம் அதற்கு விஷம், அதனால் அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. குயினைன், குளோரோகுயின் வகை மருந்துகள் முக்கியமாகக் கெடுப்பது அந்தப் படிகமாக்கும் வேலையை. ஹீம் கிருமியின் மரபணுவில் எழுதப்பட்ட பொருள் இல்லை, நம்முடையது. அதனால் கிருமியால் அதை மாற்றிக்கொள்ள முடியாது. குளோரோகுயினுக்கு எதிர்ப்பு வந்ததும்கூட டார்கெட் மாறி வரவில்லை, மருந்தை வெளியேற்றும் வாயிற்புரதம் மாறித்தான் வந்தது. தொற்று நோய்க்கு டார்கெட் தேடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.


குன்னூர்_மூர்த்தி:

தேவர்சோலை நண்பரே, ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கலங்காது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். இந்த நோயில் கிடைத்த மிகப் பெரிய துப்பு அதுதான்.

1948இல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் இதையேதான் கவனித்தார். நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் ஒன்றும் ஆவதில்லை. கருவில் இருக்கும்போது உருவாகிற ஹீமோகுளோபின் எஃப், சிக்கிள் ஹீமோகுளோபின் நூல் நூலாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கிறது. அது வடிய வடியத்தான் நோய் தலைகாட்டும். சிலருக்கு அது வடியாமல் ஆயுள் முழுக்க நீடிக்கும். சிக்கிள் மரபணுவோடு அந்தத் தன்மையும் சேர்ந்து பிறந்து, எல்லாச் சிவப்பணுக்களிலும் எஃப் முப்பது சதவீதம் போல இருப்பவர்களுக்கு நோயின் தொல்லை ஏறக்குறைய இல்லை. இந்தியப் பழங்குடியினரிடம் பரவலாக உள்ள அரபு-இந்திய வகை சிக்கிள் மரபணுவோடு எஃப் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. ஆப்பிரிக்க வகைகள் பலவற்றில் அவ்வளவு இல்லை. நண்பர் சொன்ன ஹைட்ராக்ஸியூரியாவும் எஃப்-ஐ ஏற்றுகிறது. 1995இல் வந்த சோதனையில் கிரைசிஸை 44 சதவீதம் குறைத்தது. அது நேராகப் பிடிப்பது டி.என்.ஏ. தயாரிப்புக்கான ரைபோநியூக்ளியோடைட் ரிடக்டேஸ் என்ற என்சைமை. முதலில் புற்றுநோய்க்குப் போட்ட மருந்து.

எஃப்-ஐ அணைத்து வைப்பது யார்? 2007, 2008இல் ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களைத் தேடியதில் பி.சி.எல்.11ஏ என்ற பெயர் வந்தது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன், அந்தப் புரதத்தைக் குறைத்தால் எஃப் ஏறுகிறது என்று 2008இல் காட்டினார்.


கோத்தகிரி_நிலா:

மூர்த்தி சார், தேவர்சோலை அண்ணா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உடம்பில் இருக்கிற புரதத்தின் எடையைக் கணக்குப் போட வேண்டும் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்படியென்றால் பி.சி.எல்.11ஏ தான் என் டார்கெட்டா? மனிதச் சாட்சி இருக்கிறதே. அதற்கு டாக்கிங் போடலாமா?


குன்னூர்_மூர்த்தி:

வேண்டாம் நிலா. காரணம் இரண்டு. அது டி.என்.ஏ.வோடு ஒட்டி மரபணுவை அணைக்கிற வகைப் புரதம். மாத்திரைக்கு ஏற்ற பள்ளம் தேடுவதே பெரும்பாடு, எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டில் அடங்காது. அதைவிட முக்கியம், அந்தப் புரதம் ரத்தத்தில் மட்டும் இல்லை. மூளைக்கும், நோய் எதிர்ப்புக்கான பி செல்களுக்கும் வேண்டும். அது அறவே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்தவுடன் இறந்துவிடுகின்றன. ஒரு பிரதி கெட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு எஃப் உயர்ந்தே இருக்கிறது, கூடவே அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. டார்கெட் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்வியை விடவே கூடாது: இந்தப் புரதம் உடம்பில் வேறு எங்கெங்கே வேலை செய்கிறது?

அதனால் புரதத்தைத் தொடாமல், சிவப்பணு உருவாகும் செல்லில் மட்டும் அந்த மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. துண்டை வெட்டினார்கள். அந்தத் துண்டை 2013இல் கண்டுபிடித்தார்கள். அதுதான் காஸ்கெவி என்ற சிகிச்சை, அனுமதி கிடைத்தது பிரிட்டனில் 2023 நவம்பர், அமெரிக்காவில் டிசம்பர். வலி நின்றுபோனவர்கள் நிறையப் பேர். ஆனால் விலை 22 லட்சம் டாலர். அதற்கு முன் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய புசல்ஃபான் என்ற கடுமையான மருந்து வேறு கொடுக்க வேண்டும். தேவர்சோலை நண்பர் சொன்ன ஜீப் செலவை வைத்துப் பார்த்தால், நம் பாடிகளுக்கு இது இன்றைக்கு வந்து சேராது. எனக்கு இது மனசை அறுக்கிற விஷயம். மாத்திரை வேண்டும் என்று அவர் கேட்டது நியாயம்.

உங்களுக்கு நான் சொல்வது சிவப்பணுவில் இருக்கும் பைருவேட் கைனேஸ். இது என்சைம். அளவில் ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில்கூட வராது, கொஞ்சம் மருந்து போதும். இதை முடுக்கிவிட்டால் செல்லுக்குள் 2,3-டி.பி.ஜி. என்ற பொருள் குறையும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. கூடும். டி.பி.ஜி. குறைந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். ஆக்சிஜன் இழந்த நிலையில்தான் அது கோத்துக்கொள்கிறது என்பதால் கோப்பது தள்ளிப்போகும். வாக்ஸலோட்டார் செய்ததும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்க வைத்ததுதானே என்று கைடு கேட்பார். கேட்க வேண்டும். வித்தியாசம், இங்கே ஏ.டி.பி.யும் கூடுகிறது, செல்லின் சவ்வுக்கு அது நல்லது. இது நோயாளிக்கு வலியைக் குறைக்குமா என்பது இன்னும் உறுதியாகவில்லை, ஹீமோகுளோபின் எண்ணைக் காட்டி நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

மனிதச் சாட்சி? சிக்கிள் ட்ரெய்ட் மட்டும் உள்ளவர் பொதுவாக நன்றாகவே இருப்பார். பைருவேட் கைனேஸ் குறைபாடும் சேர்ந்து பிறந்தவருக்கு சிக்கிள் நோய் போலவே தொல்லை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பி.சி.எஸ்.கே.9 அளவுக்குப் பலமான சாட்சி இல்லை. அதை அப்படியே உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். இந்த என்சைமை முடுக்கும் மிடாபிவாட் என்ற மாத்திரைக்கு, பைருவேட் கைனேஸ் குறைபாட்டுக்காக 2022இல் அனுமதி கிடைத்தது. சிக்கிள் செல்லிலும் சோதித்திருக்கிறார்கள்.

உங்கள் லேபில் செய்ய முடிகிற வேலை என்பதும் ஒரு காரணம். பைருவேட் கைனேஸ் பைருவேட்டை உண்டாக்கும், அதை லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் பிடித்து லாக்டேட் ஆக்கும், அப்போது என்.ஏ.டி.எச். செலவாகும். 340 நானோமீட்டரில் என்.ஏ.டி.எச். ஒளி உறிஞ்சுவது இறங்குவதை சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரிலேயே பார்க்கலாம். வேகமாக இறங்கினால் உங்கள் மூலக்கூறு முடுக்குகிறது. டாக்கிங்குக்கு, முடுக்கி மூலக்கூறு உட்கார்ந்திருக்கிற ஸ்ட்ரக்சரை எடுங்கள், என்சைமின் வினை நடக்கிற இடத்தில் போடாதீர்கள். அந்தப் பள்ளம் இரண்டு துணை அலகுகள் சேருகிற எல்லையில் இருக்கிறது, ஒற்றைச் சங்கிலியை மட்டும் வைத்தால் தெரியாது. மற்ற திசுக்களில் உள்ள பைருவேட் கைனேஸின் எம்.2 வடிவத்துக்கும் அதே மூலக்கூறைப் போட்டுப் பாருங்கள். கல்லீரலில் இருக்கிற வடிவம் இதே மரபணுவிலிருந்து வருவது, அதனால் கல்லீரல் பற்றி ஒரு பத்தி கட்டாயம்.


தேவர்சோலை_லேப்:

நிலாம்மா, எப்பவாவது நோயாளி ரத்தத்துல சோதிச்சுப் பார்க்கிற கட்டம் வந்தா நேரா பாடிக்குப் போயிடாதீங்க. முதல்ல காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, அப்புறம் இங்க இருக்கிற ஆஸ்பத்திரியோட பேசணும். ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க ரிசல்ட் சொல்லத் திரும்பி வரலைங்கிற கோபம் பெரியவங்ககிட்ட இன்னும் இருக்கு. அவங்க பேசுற மொழியிலயே எதுக்காக எடுக்கறோம்னு சொல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகளே சுகாதாரப் பணியாளரா இருக்காங்க. அவங்களை வச்சுப் பேசலாம். நீங்க கமிட்டி வேலையை ஆரம்பிச்சதும் இங்கேயே எழுதுங்க, நான் கூட வர்றேன்.